வகுப்பில் யாரைப் பிடிக்கிறது, யாரைப் பார்க்கிறார்கள்

ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனித் தாளில் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘உனக்கு யாரோடு சேர்ந்து உட்காரவும் விளையாடவும் பிடிக்கும்?’ என்பது முதல் கேள்வி. ‘இந்த வகுப்பில் கெத்தான ஆள் யார்?’ என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே பெயர்கள்தான் வரும் என்று பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனால் பிள்ளைகள் பதின்பருவத்துக்குள் நுழைய நுழைய இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போவதையும், கெத்துப் பட்டியலில் முதலில் நிற்கும் சிலரை அதே வகுப்பில் பலருக்கும் பிடிக்காமல் இருப்பதையும் கடந்த நாற்பது ஆண்டுக்கால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. சக மாணவர்களிடையே ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் செல்வாக்கைப் புரிந்துகொள்ள, வெவ்வேறு காரணங்களிலிருந்து பிறக்கும் இந்த இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதைப் பற்றி நாம் வீட்டில் பேசும் விதம் குழப்பமானது. பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி அரை மணி நேரம் விசாரிக்கும் தாய் தந்தையர், பிள்ளையின் கூட்டாளிகளைப் பற்றிக் கேட்பது ‘கெட்ட சகவாசம் ஏதாவது இருக்கிறதா’ என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. மதிய உணவு இடைவேளையில் அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், குழு பிரிக்கும்போது அவளை யார் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையோ பள்ளி விட்டு வந்ததும் முதலில் நினைத்துப் பார்ப்பது அதைத்தான். பள்ளி வாழ்க்கையின் சரிபாதி இது என்பதால், எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வது மதிப்பெண் அட்டையைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்குக் குறைந்த வேலை ஆகாது.

இந்தத் துறையின் தொடக்கம் ஒரு நெருக்கடியில் இருக்கிறது. 1932ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரத்தில் இருந்த பெண்கள் விடுதிப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 சிறுமிகள் ஓடிப்போனார்கள். அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரினோ, ஓடிப்போனவர்களின் குணத்தை ஆராய்வதோடு நிற்காமல், விடுதியில் யாருக்கு யாரைப் பிடிக்கிறது, யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை என்பதைக் கேட்டறிந்து, ஒவ்வொரு சிறுமியையும் ஒரு வட்டமாகவும் ஒவ்வொரு விருப்பத்தையும் ஒரு கோடாகவும் வரைந்து பார்த்தார். யார் ஓடிப்போனார்கள் என்பதற்கு, தனித்தனிச் சிறுமியின் இயல்பைவிட அந்த உறவு வலையில் அவள் எந்த இடத்தில் இருந்தாள் என்பதே கூடுதல் விளக்கம் தந்தது என்று அவர் வாதிட்டார். 1934இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான், வகுப்பறையில் பிள்ளைகளிடையே உள்ள விருப்பு வெறுப்புகளை அளக்கும் முறை பள்ளிகளுக்குப் பரவியது.

அந்த முறையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஜான் கோய், கென்னத் டாட்ஜ் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளரும். 1982இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், மிகவும் பிடித்தவர் யார் என்பதோடு, கொஞ்சமும் பிடிக்காதவர் யார் என்பதையும் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்வியால்தான் படம் தெளிவானது. பலருக்குப் பிடித்து, சிலருக்கு மட்டுமே பிடிக்காத பிள்ளைகள் ஒரு வகை. பலரும் ஒதுக்கும் பிள்ளைகள் இன்னொரு வகை. விரும்புவோரும் வெறுப்போரும் ஒருங்கே அதிகமாக உள்ள பிள்ளைகள் மூன்றாம் வகை. இரண்டு தாள்களிலுமே பெயர் வராமல் கவனிக்கப்படாது போகும் பிள்ளைகள் நான்காம் வகை. மீதி உள்ள சராசரிப் பிள்ளைகள் கடைசி வகை. ‘இவனுக்கு நண்பர்களே இல்லை’ என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லும்போது, ஒதுக்கப்படும் பிள்ளையும் கவனிக்கப்படாத பிள்ளையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கவனிக்கப்படாத பிள்ளை அடுத்த ஆண்டு வகுப்பு மாறியதும் சராசரி நிலைக்கு வந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அவன் பெரும்பாலும் துன்பத்திலும் இல்லை. ஒதுக்கப்படும் பிள்ளையின் நிலைதான் ஆண்டுகள் தாண்டியும் ஒட்டிக்கொண்டு தொடர்கிறது. கவலைப்பட வேண்டியது அவனைப் பற்றி.

சரி, ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்கு எதனால் பிடிக்கிறது? இந்தக் கேள்விக்கு மிக நேர்த்தியாகப் பதில் தேடிய சோதனை 1983இல் வெளியானது. கோயும் ஜேனிஸ் குப்பர்ஸ்மிட்டும் நான்காம் வகுப்புச் சிறுவர்களை நால்வர் நால்வராகச் சிறு குழுக்களாக்கி, வாரம் ஒருமுறை என ஆறு வாரம் விளையாட விட்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் தன் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒருவன், ஒதுக்கப்பட்ட ஒருவன், கவனிக்கப்படாத ஒருவன், சராசரியான ஒருவன் என்று இருந்தார்கள். சில குழுக்களில் நால்வரும் ஒரே பள்ளிக்காரர்கள். மற்றவற்றில் நால்வரும் முன்பின் பார்த்திராத வேற்றுப் பள்ளிக்காரர்கள். ஒரு பிள்ளையின் நிலை பழைய பெயரினால் மட்டுமே நீடிக்கிறது என்றால், புதிய முகங்களிடையே அது மறைந்துவிட வேண்டும். ஆனால் அறிமுகமில்லாத குழுக்களிலும் மூன்றாவது சந்திப்பு முடிவதற்குள் பழைய வரிசையே பெருமளவுக்குத் திரும்ப வந்துவிட்டது. ஆக, பிள்ளை தன்னோடு எடுத்துப்போகும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது அழகோ சட்டையோ அல்ல, நடந்துகொள்ளும் விதம். ஒதுக்கப்பட்ட சிறுவர்கள் வம்புக்குப் போவதிலும் கை ஓங்குவதிலும் முந்திக்கொண்டார்கள். விரும்பப்பட்டவர்கள் விளையாட்டின் விதிகளை மற்றவர்களுக்கு நினைவூட்டினார்கள், யோசனை சொன்னார்கள், சண்டையைத் தொடங்குவது அபூர்வமாக இருந்தது. கவனிக்கப்படாத சிறுவர்களில் சிலர், வேற்றுப் பள்ளிக்காரர்களிடையே வந்ததும் தம் வகுப்பில் இருந்ததைவிடக் கலகலப்பாகப் பழகினார்கள் என்பது மனத்துக்கு நிறைவு தரும் செய்தி.

நடந்துகொள்ளும் விதம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த நொடியில், எதைச் செய்வதால் என்று பார்க்க வேண்டும். மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மேன் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு அப்படி ஒரு நொடியை எடுத்துக்கொண்டது: ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருப்பவர்களோடு ஒரு பிள்ளை புதிதாக எப்படிச் சேருகிறது என்பதே அது. சேலத்துக்காரர்கள் இந்தக் காட்சியைத் தேடிப் போக வேண்டியதில்லை. அம்மாபேட்டையிலோ குகையிலோ சாயங்கால நேரத்துத் தெருவில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் நடக்கிறது. அடுத்த தெருவிலிருந்து ஒரு பையன் வருகிறான். சிலர் வந்த வேகத்திலேயே ‘நான் பேட்டிங்’ என்பார்கள். அல்லது ‘எங்க தெருவில் இப்படி ஆட மாட்டோம், சுவரில் பட்டால் அவுட்டுதான்’ என்று நடக்கும் ஆட்டத்தின் விதியைத் திருத்துவார்கள். அல்லது ‘என்ன ஸ்கோர், யார் யார் எந்த செட்டு’ என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்திவைப்பார்கள். இன்னொருவன் ஓரமாக நின்று இரண்டு ஓவர் பார்க்கிறான். பந்து சாக்கடைப் பக்கம் ஓடும்போது எடுத்து வீசுகிறான். ‘நல்லா ஸ்பின் ஆகுதுடா’ என்று பந்து வீசுபவனிடம் சொல்கிறான். மூன்றாவது ஓவரில் யாரோ ஒருவன், ‘டேய், நீ அங்க நில்லு’ என்று அவனுக்கு ஃபீல்டிங் இடம் காட்டிவிடுகிறான். அந்த ஆய்வு கண்டதும் இதே வேறுபாட்டைத்தான். எல்லோருக்கும் பிடிக்காத பிள்ளைகள் தம் பக்கம் கவனத்தை இழுத்தார்கள், மறுத்துப் பேசினார்கள், தம்மைப் பற்றியும் தம் கருத்தைப் பற்றியும் சொன்னார்கள். பிடித்த பிள்ளைகள் அந்தக் குழு அப்போது எதில் மூழ்கியிருந்ததோ அதைக் கண்டுகொண்டு, அதற்குப் பொருந்தியதைச் செய்தார்கள்.

நம் தெரு விளையாட்டுகளில் இதற்கென்றே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சின்னப் பிள்ளையையோ, புதிதாக வந்தவனையோ உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. ஆனால் ஆட்டத்துக்குள் இருக்கிறான், விதிகளைக் கற்கிறான், சில நாளில் முழு ஆளாகிவிடுகிறான். வாசலில் நிற்பவனுக்கு உள்ளே வர ஒரு படிக்கட்டு அது. பயிற்சியாளர் வைத்து, கட்டணம் கட்டி, வயது வாரியாகப் பிரித்து நடத்தும் இன்றைய விளையாட்டு வகுப்புகளில் அந்தப் படிக்கட்டு கிடையாது என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது முதல் தாளைப் பற்றி. இரண்டாவது தாளின் கதை வேறு. ‘கெத்து’ என்று பிள்ளைகள் சொல்வதை ஆய்வாளர்கள் தனியாக அளக்கத் தொடங்கியது 1990களின் கடைசியில்தான். யாரைப் பிடிக்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, இந்த வகுப்பில் பெரிய ஆள் யார் என்று நேரடியாகக் கேட்டார்கள். ஜெனிஃபர் பார்க்கர்ஸ்ட்டும் ஆண்ட்ரியா ஹாப்மையரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வகையிலும் தேறிய பிள்ளைகள் ஒரு பகுதியினரே. பிடித்தமானவர்கள் என்று தேர்ந்த பிள்ளைகளை அன்பானவர்கள், நம்பத்தகுந்தவர்கள் என்று சக மாணவர்கள் விவரித்தார்கள். பெரிய ஆள் என்று மட்டும் தேர்ந்த பிள்ளைகளையோ அதிகாரம் செய்பவர்கள் என்று விவரித்தார்கள். ஆன்டோனியஸ் சில்லெசனும் லாரா மேயோவும் 2004இல் வெளியிட்ட, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை அதே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னது. ஒருவரைப் பற்றிப் புரளி கிளப்புவது, பேசாமல் ஒதுக்கிவைப்பது, கூட்டத்திலிருந்து வெளியேற்றிவிடுவேன் என்று மிரட்டுவது ஆகியவற்றைச் செய்யும் பிள்ளைகளை வயது ஏற ஏற மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போகிறது. ஆனால் அதே பிள்ளைகளின் கெத்து வயது ஏற ஏறக் கூடுகிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்குத் தெருக் கிரிக்கெட்டே விளக்கம் தரும். பேட் யாருடையதோ அவன் முதலில் ஆடுவான். அவுட் ஆனாலும் ‘இது ட்ரையல் பால்’ என்பான். மற்றவர்களுக்கு எரிச்சல் வந்தாலும், அவன் பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஆட்டமே இல்லை என்பதால் பொறுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வேண்டிய ஒன்று யார் கையில் இருக்கிறதோ அவரைச் சுற்றிக் கூட்டம் சேரும். பள்ளியில் அந்தப் பொருள் பேட்டாகவே இருக்க வேண்டியதில்லை. பிறந்தநாள் விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது, கடைசி பெஞ்சில் யாருக்கு இடம், வாட்ஸ்அப் குழுவில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அப்படிப்பட்ட பொருள்தான். பட்ரிசியா ஹாலி என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து, மிக அதிகச் செல்வாக்கோடு இருக்கும் பிள்ளைகள் மிரட்டலை மட்டுமோ அன்பை மட்டுமோ நம்புவதில்லை, இரண்டையும் இடம் பார்த்துக் கலந்து பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார். ஆசிரியரிடம் பணிவும், தன் செட்டுக்குள் தாராளமும், வெளியே நிற்பவனிடம் கடுமையும் காட்டும் பிள்ளை, ஆசிரியரின் கண்ணுக்கு நல்ல தலைவனாகவே தெரிவான். வகுப்பு லீடர் பதவியும் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ பெயரை எழுதும் சாக்பீஸும் அவன் கையில் போய்ச் சேருவது இதனால்தான். யார் பெயரை எழுதுவது, யார் பெயரை அழிப்பது என்ற அதிகாரம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நாள்தோறும் இருக்கும்போது, அது என்னென்ன பேரங்களுக்கு வழிவகுக்கும் என்பது நம் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த வழக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

கெத்து கிடைத்த பிள்ளைக்கு அதனால் நிம்மதி கிடைக்கிறது என்றும் எண்ண வேண்டாம். டோனா ஈடர் என்ற சமூகவியலாளர் அமெரிக்க நடுநிலைப் பள்ளி ஒன்றில் நெடுநாள் உடனிருந்து கவனித்து 1985இல் எழுதிய ஆய்வு இதைப் பற்றியது. ஒரு சிறுமிக்குச் செல்வாக்கு வந்ததும் பலரும் அவளோடு பழக வருகிறார்கள். எல்லோரிடமும் நட்பாக இருக்க ஒரு ஆளால் முடியாது. சிரித்துப் பேசாமல் கடந்துபோனதும் ‘அவளுக்குத் தலைக்கனம்’ என்ற பேச்சு எழுகிறது. முதலில் வியந்தவர்களே பிறகு வெறுக்கிறார்கள். அவள் எந்தத் தப்பும் செய்யாமலேயே இது நடக்கிறது. நீண்ட கால விளைவைப் பற்றி, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் ஆலனும் சக ஆய்வாளர்களும் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயதுவரை தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு பேசுகிறது. வயதுக்கு மீறிக் காதல், சிறு சிறு விதிமீறல், தோற்றத்தைப் பார்த்து நண்பர்களைத் தேர்வது என்று பதின்மூன்று வயதில் கெத்துக் காட்டிய பிள்ளைகளின் செல்வாக்கு சில ஆண்டுகளிலேயே கரைந்துபோயிற்று. இருபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மதுவிலும் போதைப்பொருளிலும் குற்ற வழக்குகளிலும் சிக்கியிருந்தார்கள். அந்த வயதில் கவனம் ஈர்க்க எடுத்த குறுக்குவழி, நட்பைப் பேணக் கற்கும் காலத்தைத் தின்றுவிட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எந்தக் குணத்துக்குக் கெத்து என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பிள்ளைகள் தாமாகவே என்று தோன்றும். ஆனால் அளவுகோலில் பெரும்பகுதி பெரியவர்கள் செய்து கொடுத்தது. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1950களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து, அங்கே மாணவர்களிடையே விளையாட்டு வீரனுக்கு இருந்த மதிப்பு நன்றாகப் படிப்பவனுக்கு இல்லை என்று கண்டார். அவர் சொன்ன காரணம் ஆழமானது. விளையாட்டு வீரன் பள்ளிக்காக இன்னொரு பள்ளியை வெல்கிறான். அவன் வென்றால் எல்லோரும் வெல்கிறார்கள். முதல் மதிப்பெண் எடுப்பவனோ சக மாணவர்களைத் தாண்டித்தான் மேலே போகிறான். அவன் ஏறினால் மற்றவர்கள் இறங்குகிறார்கள். மதிப்பு யாருக்குப் போகிறது என்பதைப் பள்ளி நடத்தும் போட்டிகளின் அமைப்பே தீர்மானித்தது.

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இந்த விளக்கம் மிக நன்றாகப் பொருந்துகிறது. தேர்வு முடிவு வந்த வாரத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடுவரை நடந்தால், தனியார் பள்ளிகளின் ஃப்ளெக்ஸ் பலகைகளில் மாணவர்களின் முகங்களும் மதிப்பெண்களும் வரிசையாக நிற்கும். 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம் உள்ளிட்ட தரவரிசையை அறிவிப்பதை நிறுத்தியது நல்ல முடிவு. ஆனால் வகுப்புக்குள் ‘ரேங்க்’ பேச்சு நிற்கவில்லை. படிப்பவனை ஆசிரியர் ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது, அவனுக்குச் செல்வாக்கு ஏறுகிறது என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அவனைத் தனிமைப்படுத்துகிறார். கணக்குப் போடத் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பை அதே மாணவனுக்குக் கொடுத்தால், அவனுடைய திறமை மற்றவர்களுக்கும் பயன்படும் பொருளாக மாறிவிடும். விளையாட்டில் இது தானாகவே நடக்கிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காகப் பந்து வீசியபோதும், பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோதும், அந்தப் பெருமை ஊருக்கே சொந்தமானது.

அளவுகோல் காலத்தோடு மாறும் என்பதற்குச் சீனாவிலிருந்து மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. ஷின்யின் சென் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஷாங்காயில் 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஒரே முறையில் ஆராய்ந்தார்கள். 1990இல் கூச்ச சுபாவமும் அடக்கமும் உள்ள பிள்ளைகளைச் சக மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆசிரியர்களும் மெச்சினார்கள். 2002இல் அதே குணமுள்ள பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள், மனச்சோர்வோடும் காணப்பட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நகரத்தின் பொருளாதாரம் சந்தை வழிக்கு மாறியிருந்தது; முந்திக்கொண்டு பேசுவதும் தன்னை எடுத்துக் காட்டுவதும் பள்ளிகளில் பாராட்டப்படும் குணங்களாக ஆகியிருந்தன. பிள்ளைகளின் குணம் அதேதான். அதற்குக் கிடைத்த விலை மாறிவிட்டது. ‘அடக்கமான பிள்ளை’ என்பதை ஒரு தலைமுறை முன்புவரை மெச்சிய நம் வீடுகளில் இன்று ‘ஸ்டேஜ் ஃபியர் இருக்கக் கூடாது’, ‘ஆக்டிவ்வாக இருக்க வேண்டும்’ என்று பேசுவதைக் கேட்கும்போது, கூச்சமுள்ள பிள்ளைக்கு இங்கேயும் இடம் சுருங்கிவருகிறதோ என்ற அச்சம் எழுகிறது.

ஆங்கிலம் பேசுவது இன்னொரு அளவுகோல். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி வளரும் அம்மாபேட்டை, குகைப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மொழி தெரிவதைத் திறமையாக எண்ணாத வகுப்பறை, நான்கு ஆங்கில வாக்கியத்துக்குத் தலை நிமிர்ந்து பார்க்கிறது.

சேர்வராயன் மலையில் இந்தச் செய்தி இன்னொரு பரிமாணம் பெறுகிறது. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. அதுபோன்ற விடுதிப் பள்ளிகளால் ஏற்காடு நூறாண்டுக்கும் மேலாகப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கும் ஊராக இருக்கிறது. அதே மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. கட்டணத்திலும் வசதியிலும் இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே மிகப் பெரிய தூரம். ஆனால் விடுதிப் பிள்ளை என்ற அளவில் இரு பக்கத்தாருக்கும் ஒரே நிலைமைதான். சேலம் நகரத்தில் வகுப்பில் யாரும் சேர்க்காத பையனுக்கு நாலு மணிக்கு மேல் வேறு வாழ்க்கை இருக்கிறது. தெருவில் ஒரு செட்டு, கோயில் திருவிழாவில் ஒரு செட்டு, பெரியப்பா பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மாமாவின் வீடு என்று அவன் வேறு வேறு ஆளாக இருக்க இடம் உண்டு. விடுதியில் வகுப்பில் பார்த்த முகங்களையே சாப்பாட்டுக் கூடத்திலும் படுக்கை வரிசையிலும் பார்க்க வேண்டும். மாலையில் அது முடிந்துவிடுவதில்லை. மொரினோவின் ஆய்வு ஒரு விடுதியில் தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசி வந்த பிறகு, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த இரவு நேர இடைவெளி மூடிக்கொண்டுவிட்டது. வகுப்புக் குழுவில் நடக்கும் கேலி பத்து மணிக்கும் படுக்கையில் வந்து நிற்கிறது.

தோற்றத்தைப் பற்றி மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடமே 1970களில் ஆய்வு நடந்து, அழகாகத் தெரிகிற பிள்ளைக்குச் சலுகை கிடைப்பது காட்டப்பட்டது. நம் நாட்டில் இதில் தோலின் நிறமும் கலந்திருக்கிறது. கறுத்த பிள்ளைக்கு வைக்கும் பட்டப்பெயர்களைப் பெரியவர்கள் செல்லம் என்று சிரித்துக் கடப்பது கொடுமை. அதைவிட ஆழமாக வேரோடியிருப்பது சாதி. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள்; வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பதோடு, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரை பார்வைக்குச் சிறிதாகத் தெரியும். ஆனால் யாரை யாருக்குப் பிடிக்கும் என்பதில் அருகில் உட்காருவதற்குள்ள பங்கு மிகப் பெரியது.

இதற்கு டெல்லியிலிருந்து வலுவான சான்று இருக்கிறது. டெல்லியின் வசதி படைத்த தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பொருளியலாளர் கௌதம் ராவ் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் பிறருக்கு உதவுவதிலும் பகிர்ந்துகொள்வதிலும் முன்னேறியிருந்தார்கள். தொடர் ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் வசதியான பிள்ளையை எடுக்கும் பழக்கம் அவர்களிடம் குறைந்திருந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களை அகர வரிசையில் பிரித்திருந்தார்கள். அதனால் யாருக்கு யார் அமைந்தார்கள் என்பது தற்செயலாக இருந்தது. ஒரே குழுவில் நேரடியாகப் பழகியதுதான் இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் என்பது அதிலிருந்து தெரிந்தது. நெதர்லாந்தில் 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஒருவரையொருவர் பிடிக்காத பிள்ளைகளைச் சில வாரங்கள் அருகருகே உட்கார வைத்தபோது வெறுப்புக் குறைந்தது. பெஞ்சு மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

‘என் பிள்ளையை எல்லோருக்கும் பிடிக்க வைப்பது எப்படி?’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஆய்வுகள் தரும் பதில் அந்தக் கேள்வியையே சிறிதாக்கிவிடுகிறது. 1999இல் எர்னஸ்ட் ஹாட்ஜஸும் சக ஆய்வாளர்களும் காட்டியபடி, கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளாகும் பிள்ளைக்குத் தன்னையும் நண்பனாக எண்ணும் ஒரே ஒரு நெருங்கிய நண்பன் இருந்தாலும் அந்தத் துன்பத்தின் பின்விளைவுகள் பெருமளவுக்குத் தடுக்கப்படுகின்றன. வகுப்பு முழுவதின் விருப்பமும் வேண்டியதில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கேரம் பலகையை எடுத்துக் கொடுத்து, ‘கண்ணு, சாப்பிட்டுட்டுப் போ’ என்று சொல்லும் தாய், மாதக் கட்டணம் வாங்கும் ஆளுமை வளர்ச்சி வகுப்புகளைவிட உறுதியான உதவியைச் செய்கிறார்.

பழகும் முறையைக் கற்றுக்கொடுக்கவும் முடியும். ஷெர்ரி ஓடனும் ஸ்டீவன் ஆஷரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் தனித்திருந்த பிள்ளைகளுக்கு நான்கு காரியங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள்: விளையாட்டில் முழுக் கவனத்தோடு இறங்குவது, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது, பேசுவதோடு காது கொடுத்துக் கேட்பது, மற்றவர் நன்றாக ஆடும்போது பாராட்டி உதவுவது. சொல்லிக்கொடுத்து, உடனே ஒரு சக மாணவனோடு விளையாட விட்டு, பிறகு ‘எப்படிப் போயிற்று?’ என்று கேட்டுப் பேசினார்கள். ஓராண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகளோடு விளையாட விரும்புவோர் எண்ணிக்கையில் முன்னேற்றம் நிலைத்திருந்தது. இதற்குத் தனி ஆலோசகர் தேவையில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விளையாட்டுப் பாடவேளையிலேயே செய்யக்கூடியது. அந்தப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. அது நிற்க வேண்டும். அதோடு, இரண்டு கேப்டன்களை முன்னால் நிறுத்தி ஆள் ஆளாகக் கூப்பிட்டு அணி பிரிக்கும் முறையையும் ஆசிரியர்கள் கைவிடலாம். கடைசியாக மிஞ்சும் பிள்ளை யார் என்பதை வகுப்பு முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்கிறது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று வரிசை எண்ணால் பிரித்தால் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.